நச்சுக்கு எப்படித் தெரியும் எந்தச் செல்லைக் கொல்வதென்று? எலி மூளையும் ஐபோடெனிக் அமிலமும்: ஒரு சந்தேகம்

புதுச்சட்டகம்

வணக்கம். ஆய்வகத்தில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்று முதல்முறையாக ஒரு எலி அறுவையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மயக்கத்தில் இருந்த எலியின் தலை, அதை அசையாமல் பிடிக்கும் ஸ்டீரியோடாக்சிக் சட்டகத்தில், இரண்டு காதுக் கம்பிகளுக்கு நடுவில். மண்டையோட்டில் எலும்புகள் சேரும் பிரெக்மா புள்ளியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளந்து, சின்னத் துளை போட்டு ஊசியை இறக்கினார் சீனியர். உள்ளே போன திரவம் கண்ணுக்கே தெரியாத அளவு. அதை ஏற்றவே பல நிமிடம். ஏற்றி முடித்த பிறகும் ஊசியை எடுக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். "இப்பவே உருவினா மருந்து ஊசி வழியிலேயே மேல ஏறி வந்துடும்" என்றார்.

மருந்து என்று அவர் சொன்னது ஐபோடெனிக் அமிலம். மூளையில் இட நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியை அழிக்க.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, ஒரு பகுதியை அழிக்கத்தான் வேண்டுமென்றால் மின்சாரத்தால் சுட்டுவிடலாமே, உறிஞ்சி எடுத்துவிடலாமே, எதற்கு இந்த நச்சு? இரண்டு, "செல்லை மட்டும் கொல்லும், இழைகளை விட்டுவிடும்" என்கிறார்கள். ஒரு அமிலத்துக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? சீனியரிடம் கேட்டேன், "படிச்சுப் பாரு" என்றார். படித்தேன், பாதிதான் புரிந்தது.

நுண்ணோக்கி

தம்பி, உங்கள் சீனியர் ஊசியை உடனே எடுக்காததே நல்ல அறிகுறி. அவரிடம் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் பார்ப்போம். ஐபோடெனிக் அமிலம் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த அமனிட்டா காளானில் இருப்பது. அமைப்பில் குளூட்டமேட்டின் பங்காளி மாதிரி. மூளையில் நரம்பணுக்களைக் கிளப்பிவிடும் முக்கிய வேதிக்கடத்தி குளூட்டமேட். அதற்கான ஏற்பிகள் பெரும்பாலும் செல்லின் உடலிலும் கிளையிழைகளிலும்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஐபோடெனிக் அமிலம் அந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். வாயில்கள் மூடவே மூடாது. சோடியம் உள்ளே வர, பின்னாலேயே தண்ணீரும் வர, செல் வீங்கும். கால்சியம் வெள்ளமாகப் புகுந்து செல்லின் சொந்த நொதிகளையே அதற்கெதிராகத் திருப்பிவிடும். மைட்டோகாண்ட்ரியா கைவிட்டுவிடும். சில மணி நேரத்தில் சாவு தொடங்கிவிடும்.

எங்கோ இருக்கும் செல்லின் நீண்ட இழை அந்த இடத்தின் வழியாக இன்னொரு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த இழையின் மேல் அந்த ஏற்பி கிடையாது என்றே சொல்லலாம். தட்டுவதற்குக் கதவே இல்லை, அதனால் பிழைத்துக்கொள்கிறது. அமிலத்துக்கு எதுவும் தெரியாது தம்பி. கதவு இருக்கிற வீடு மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர் ஜான் ஓல்னி. 1969இல் பிறந்த சில நாட்களே ஆன சுண்டெலிகளுக்கு மோனோசோடியம் குளூட்டமேட் ஊசி போட்டபோது, மூளையின் அடியில் பசியையும் வளர்ச்சியையும் கவனிக்கும் ஹைப்போதலாமஸில் ஒரு பகுதி அழிந்துபோனதைக் காட்டினார். அந்த எலிகள் வளர்ந்ததும் குட்டையாக, குண்டாக ஆயின. கிளப்பியே கொல்லும் நச்சு என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது.

கேள்விக்குறி

அப்படியென்றால் சமையலில் போடும் அந்த உப்பு மூளையைத் தின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உண்மையா?

நுண்ணோக்கி

இல்லை. ஓல்னி கொடுத்தது உடல் எடைக்கு மிகப் பெரிய அளவு, அதுவும் குட்டி எலிக்கு, ஊசி வழியாக. சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலே எரித்துவிடும். திரியைத் திசைதிருப்பாதீர்கள் ஐயா.

பழையபெட்டி

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். ஏன் சுடக்கூடாது, ஏன் உறிஞ்சக்கூடாது. இதில்தான் இந்தத் துறை நாற்பது ஐம்பது வருடம் சூடுபட்டிருக்கிறது.

1951இல் ஆனந்த், புரோபெக் இருவரும் எலியின் பக்கவாட்டு ஹைப்போதலாமஸை இரு புறமும் சுட்டார்கள். எலி சாப்பிடுவதையே நிறுத்தியது. பக்கத்தில் உணவு இருந்தும் பட்டினி. உடனே அது "உண்ணும் மையம்" ஆகிவிட்டது, பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. இருபது வருடம் கழித்து உங்கர்ஸ்டெட் என்ற ஆய்வாளர் என்ன செய்தார்? அந்த இடத்தின் வழியாகப் போகும், டோபமைன் என்ற வேதிக்கடத்தியை வெளியிடும் செல்களின் இழைகளை மட்டும் 6-ஹைட்ராக்சிடோபமைன் என்ற நச்சு கொண்டு அழித்தார். அதே பட்டினி! அப்போ மையம் எங்கே? சுட்டவர்கள் வீட்டை இடித்ததாக நினைத்து, வாசலில் போன குழாயை உடைத்திருக்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பிறகு செல்லை மட்டும் கொல்லும் நச்சுகளை அதே இடத்தில் செலுத்திப் பார்த்தார்கள். உண்பதில் குறை வந்தது, ஆனால் சுட்டபோது வந்ததைவிட லேசாக. ஆக அங்கிருக்கும் செல்களுக்கும் பங்கு உண்டு, கடந்து போகும் இழைகளுக்கும் பங்கு உண்டு. கத்தியோ சூடோ இதைப் பிரித்துக் காட்டியே இருக்காது.

குரங்கில் இன்னும் மோசம். நெற்றிக்கு அடியில் உள்ள ஆர்பிட்டோஃபிரண்டல் புறணியை உறிஞ்சி எடுத்தால், எந்தப் பொருளைத் தொட்டால் பரிசு என்ற விதி தலைகீழாக மாறும்போது குரங்கால் மாற்றிக்கொள்ள முடியாது, பாம்பைப் பார்த்தாலும் பயப்படாது. பல வருடம் இது அந்தப் புறணியின் வேலை என்று எழுதினோம். நானும் பாடம் எடுத்திருக்கிறேன், மன்னிக்கவும். 2013இல் ரூட்பெக், மர்ரே குழுவினர் மகாக் குரங்குகளில் அதே பகுதியின் செல்களை மட்டும் நச்சு செலுத்தி அழித்தார்கள். விதி மாற்றம் தெரிந்தது, பயமும் இருந்தது! உறிஞ்சும்போது அடியில் ஓடும் வெள்ளை இழைகளும் சேர்ந்து போயிருக்கின்றன. அந்தப் பழி புறணி மேல் விழுந்துவிட்டது.

என் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பகுதியை எடுத்ததும் ஒரு வேலை போனது என்றால், "இந்தப் பகுதி போனதால் போனது" என்று எழுதும் முன் அந்த வழியாக யார் யார் போய்க்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள்.

புதுச்சட்டகம்

ஐயா, மிக்க நன்றி. அந்தக் குழாய் உதாரணத்தில் மொத்தமும் விளங்கிவிட்டது. ஆனால் 6-ஹைட்ராக்சிடோபமைன் இழையை அழித்தது என்கிறீர்கள், ஐபோடெனிக் இழையை விட்டுவிட்டது என்கிறீர்கள். இரண்டும் நச்சுதானே?

நுண்ணோக்கி

இரண்டும் வேறு வேறு வாசல். ஐபோடெனிக் வெளியே நின்று ஏற்பியைத் தட்டும். 6-ஹைட்ராக்சிடோபமைன் பார்க்க டோபமைன் போலவே இருக்கும். டோபமைன் செல் தான் வெளியிட்ட டோபமைனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு கடத்திப் புரதம் வைத்திருக்கிறது. அதன் வழியாக இதையும் தன்னுடையது என்று நினைத்து உள்ளே அழைத்துக்கொள்ளும். உள்ளே போனதும் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் மற்ற எரிச்சல்காரர்களையும் கக்கும். செல் உள்ளிருந்தே வேகும். அந்தக் கடத்தி இழை நெடுகவும் இருப்பதால் இழை, முனை, உடல் எங்கே கொடுத்தாலும் வேலை செய்யும்.

நாரட்ரினலின் செல்களுக்கும் இதேபோல் ஒரு வாசல் உண்டு, அதன் வழியாகவும் நுழையும். அதனால்தான் டோபமைன் மட்டும் வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே டெசிப்ரமைன் கொடுத்து அந்த வாசலை அடைத்துவிடுவார்கள். "தேர்ந்தெடுத்துக் கொல்லும்" என்று புட்டியில் எழுதியிருப்பதில் பாதி நாம் செய்யும் வேலை.

இன்னொன்று, இது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. ஊசி நேராக உள்ளே போயே ஆக வேண்டும். கரைசல் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும் என்பதால் அஸ்கார்பிக் அமிலம் கலந்து, பனிக்கட்டியில் வைத்து, வெளிச்சம் படாமல் மூடிவைப்போம். நிறம் இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாக மாறினால் அதைத் தூக்கிப்போடு. நான் படிக்கும்போது ஒரு முறை பழுத்த கரைசலையே "பரவாயில்லை" என்று போட்டேன். மூன்று வாரம் கழித்து அபோமார்ஃபின் கொடுத்தால் ஒரு எலியும் சுற்றவில்லை. என் கெய்டு ஒன்றும் பேசாமல் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இன்றுவரை மறக்கவில்லை.

கேள்விக்குறி

எலி ஏன் சுற்ற வேண்டும்?

நுண்ணோக்கி

ஒரு பக்கம் மட்டும் டோபமைன் போய்விட்டால் எலியின் உடல் ஒருபக்கச் சாய்வாகிவிடும். ஆம்ஃபெட்டமைன் கொடுத்தால் நல்ல பக்கத்தில் டோபமைன் வெளியாகும், எலி சேதப் பக்கமாகச் சுற்றும். அபோமார்ஃபின் ஏற்பியையே நேராகத் தட்டும். பட்டினி கிடந்த பக்கத்து ஏற்பிகள் அதிகத் துடிப்போடு இருப்பதால் எலி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். எத்தனை சுற்று என்று எண்ணினாலே சேதம் எவ்வளவு என்று ஓரளவு தெரியும். 1970லேயே உங்கர்ஸ்டெட், ஆர்பத்நாட் இருவரும் இதற்குக் கருவி செய்துவிட்டார்கள். வட்டக் கிண்ணம், எலியின் இடுப்பில் ஒரு பட்டை, மேலே ஒரு கம்பி. பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்குத்தான் தலை சுற்றும்.

மகன்

நீங்கள் எல்லாரும் பேசுவதை நேற்று இரவு முழுக்கப் படித்தேன். நான் அறிவியல்காரன் இல்லை. என் அப்பாவுக்கு ஒன்பது வருடமாகப் பார்கின்சன். மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. மூளைக்குள் மின்முனை வைக்கும் சிகிச்சை பற்றி டாக்டர் பேசியிருக்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த எலி, குரங்கு வேலையால் அப்பா மாதிரி ஒருவருக்கு உண்மையில் ஏதாவது கிடைத்ததா? இல்லை இது உங்களுக்குள் நடக்கும் விளையாட்டா? கோபமாகக் கேட்கவில்லை.

பழையபெட்டி

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. பார்கின்சனில் சாவது மேலே பேசிய அந்த டோபமைன் செல்கள்தான். உங்கள் டாக்டர் பேசிய சிகிச்சைக்குப் பின்னால் இரண்டு நச்சு இருக்கிறது.

1982இல் கலிபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் திடீரென்று சிலைபோல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். இளம் வயதிலேயே முற்றிய பார்கின்சன்! ஹெராயினுக்குப் பதிலாகக் கள்ளத்தனமாகச் செய்த ஒரு போதைப்பொருளை ஏற்றிக்கொண்டவர்கள். லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கினார். தயாரிப்பில் தவறு நடந்து எம்.பி.டி.பி. என்ற கழிவுப்பொருள் கலந்திருந்தது. அது மூளைக்குள் நேராகப் போகும். அங்கே மோனோஅமீன் ஆக்சிடேஸ்-பி நொதி அதை உண்மையான நச்சாக மாற்றும். டோபமைன் செல்லின் அதே உறிஞ்சு வாசல் அதை உள்ளே இழுக்கும், மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் வேலை நின்றுபோகும். அந்த நோயாளிகளுக்கும் நம் பார்கின்சன் மாத்திரையே வேலை செய்தது.

1983இலேயே குரங்குகளில் இதைக் கொடுத்து அதே நோய்நிலையை உருவாக்கினார்கள். நடுக்கம், விறைப்பு, மெதுவான அசைவு. அப்படிப்பட்ட குரங்குகளின் மூளையில், அசைவைக் கட்டுப்படுத்தும் சுற்றில் உள்ள சப்தலாமிக் கரு என்ற சின்னச் செல்தொகுதி அளவுக்கு மீறித் துடிப்பதைப் பார்த்தார்கள். 1990இல் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும் அந்தக் கருவில் ஐபோடெனிக் அமிலம் செலுத்தினார்கள். ஆமாம், இந்தத் தம்பியின் சீனியர் கையில் இருக்கும் அதே அமிலம். முடங்கியிருந்த குரங்கு அசைந்தது, விறைப்பு தளர்ந்தது. செல்லைக் கொல்வதற்குப் பதில் அதே கருவை மின்சாரத்தால் அடக்கலாமே என்று பெனாபிட் குழு 1993இல் மனிதரில் மின்முனை வைத்தது. உங்கள் அப்பாவுக்கு டாக்டர் சொன்ன இடம் அநேகமாக அதுதான்.

அதே சமயம் ஒன்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நோயின் ஓட்டத்தையே நிறுத்தும் மருந்து கண்டுபிடிப்பதில் இந்த விலங்குகள் நம்மைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன. எம்.பி.டி.பி. கொடுத்த எலியில் கோஎன்சைம் கியூ10 காப்பாற்றியது, கிரியேட்டின் காப்பாற்றியது. பெரிய மனிதச் சோதனைகளில் இரண்டும் கைவிரித்தன. நச்சு நாட்கணக்கில் செல்லைக் கொல்கிறது, உங்கள் அப்பாவின் நோய் பல வருடமாக, வேறு காரணங்களால் நடக்கிறது. சுற்றுப் பாதை எங்கே உடைந்தது என்று காட்ட இந்த விலங்கு நல்ல சாட்சி. ஏன் உடைந்தது என்று கேட்டால் பொய்ச்சாட்சி.

மகன்

நன்றி ஐயா. அப்பாவிடம் குரங்கைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அது என்ன ஆச்சு அப்புறம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பழையபெட்டி

கொன்றுவிட்டார்கள் தம்பி. ஊசி சரியான இடத்தில்தான் போனதா, எத்தனை செல் இறந்தது என்று தெரிய மூளையை வெட்டிப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வேலையில் எப்போதும் முடிவு அதுதான்.

கூண்டுக்காவல்

நான் ஒரு விலங்கு நெறிமுறைக் குழுவில் வெளியாள் உறுப்பினர். மேலே எல்லாரும் நச்சின் அழகைப் பேசிவிட்டீர்கள், கூண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இரண்டு பக்கமும் டோபமைன் போன எலி தானாகச் சாப்பிடாது. மென்மையான ஊறவைத்த தீனி, சர்க்கரைப் பால், தேவைப்பட்டால் குழாய் வழி உணவு, தினமும் எடை. இதைச் செய்யாதவர்கள் பட்டினியால் செத்த எலியை "அறுவை இறப்பு" என்று எழுதிவிடுவார்கள். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு பக்கமும் சேதம் செய்யப் போவதாக இருந்தது, அறுவைக்குப் பிந்தைய உணவு பற்றி ஒரு வரி இல்லை. திருப்பி அனுப்பினேன். "ஒரு பக்கம் செய்தால் உங்கள் கேள்விக்குப் பதில் வராதா?" என்று மட்டும் கேட்டேன். வரும் என்று ஒப்புக்கொண்டார்கள். ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959இலேயே சொன்ன மூன்று சொல்: மாற்று, குறை, மென்மையாக்கு. மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று நேராகக் கேட்கிறேன். ஒளியால் செல்லை அணைக்கும் ஆப்டோஜெனடிக்ஸ் வந்தாயிற்று. மருந்து கொடுத்தால் மட்டும் அணையும் ஏற்பியை மரபணு வழி வைக்கும் முறையும் வந்தாயிற்று. அணைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றலாம், ஒரே விலங்கையே ஒப்பீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். இன்னும் எதற்கு நிரந்தரமாகக் கொல்வது?

நுண்ணோக்கி

பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தற்காலிகமாக அணைக்கப் புது மரபணுவே தேவையில்லை, ஐபோடெனிக் அமிலத்திலிருந்து வரும் மசிமால் சில மணி நேரம் செல்களைத் தூங்கவைக்கும். அதே காளானில் கொல்லும் பொருளும் இருக்கிறது, தூங்கவைக்கும் பொருளும் இருக்கிறது.

ஆனால் திடீரென்று அணைப்பதும் சுத்தமான பதில் தருவதில்லை. ஒரு பகுதியைச் சட்டென்று அணைத்தால் அதை நம்பியிருந்த மற்ற பகுதிகளும் தடுமாறும். நிரந்தரச் சேதத்துக்குப் பிறகு அவை சமாளித்துக்கொண்டு மீண்டு வந்தால், அந்த வேலைக்கு முதல் பகுதி கட்டாயம் இல்லை என்று தெரியும். இரண்டும் வேறு கேள்வி. தவிர, பார்கின்சன் போல செல் செத்த மூளையைப் படிக்க, செல் செத்திருக்கத்தான் வேண்டும்.

கூண்டுக்காவல்

அதையே விண்ணப்பத்தில் எழுதுங்கள் அம்மா, கையெழுத்துப் போடுகிறேன். "வழக்கமான முறை" என்று ஒரு வரியில் எழுதுபவர்களோடுதான் எனக்குச் சண்டை.

வால்சுருட்டி

தேர்ந்தெடுத்துக் கொல்வதில் எனக்குப் பிடித்த ஏமாற்றுக்காரன் சப்போரின். சோப்புச் செடியின் விதையிலிருந்து வரும் புரதம். செல்லுக்குள் போனால் புரதம் செய்யும் ரைபோசோமை முடக்கிவிடும், ஆனால் தானாக உள்ளே போகத் தெரியாது. அதை ஒரு ஆன்டிபாடியோடு கட்டி அனுப்புவார்கள். அப்படிக் கட்டிய 192 ஐ.ஜி.ஜி. சப்போரின் எலியின் முன்மூளை அடித்தளத்தில் அசிட்டைல்கோலின் செல்களைப் பொறுக்கிக் கொல்லும். அல்சைமரில் இந்தச் செல்கள் சாவதால், நினைவு பறந்துபோகும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை நினைவை வைத்துத் தேடும் நீர்த்தொட்டிச் சோதனையில், பல ஆய்வுகளில் எலி மேடையைச் சமத்தாகக் கண்டுபிடித்துவிட்டது! கவனம் தேவைப்படும் வேலைகளில்தான் அதிகம் தடுமாறியது.

இதையே மூளையறைத் திரவத்தில் கொடுத்தால் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களும் சேர்ந்து சாகும், அந்த ஆன்டிபாடி தேடிப் பிடிக்கும் அடையாளப் புரதம் அவற்றிலும் உண்டு. எலி சரியாக நீந்தாததற்கு நினைவு காரணமா, கால் தடுமாற்றம் காரணமா என்று அப்புறம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புதுச்சட்டகத்துக்கு ஒரு எச்சரிக்கை. எப்போதாவது எம்.பி.டி.பி. வேலைக்கு அனுப்பினால், பயிற்சி முடிக்காமல் அந்த அறைக்குள்ளேயே போகாதே. அதைக் கையாண்ட வேதியியலாளர் ஒருவருக்கே பார்கின்சன் அறிகுறி வந்ததாக 1983இல் பதிவாகியிருக்கிறது. ஊசி போட்ட எலியின் சிறுநீரிலும் அது வெளியேறும், கூண்டுத் தூள்கூட ஆபத்துக் குப்பைதான்.

புதுச்சட்டகம்

எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வருகிறேன், முடிவைச் சொல்லத்தான்.

எட்டு எலிகளுக்கும் நீர்த்தொட்டிச் சோதனை முடிந்தது. ஆறு எலிகள் மேடையைத் தேடி ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டு எலிகள் மூன்றாம் நாளே நேராகப் போய் ஏறிவிட்டன. நான் சந்தோஷமாக "சில எலி ஈடுகட்டிக்கொள்ளும் போல" என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

இந்த வாரம் ஸ்லைடு வந்தது. செல்களை ஊதாவாகக் காட்டும் நிஸ்ஸில் சாயத்தில் ஆறு மூளைகளில் ஹிப்போகாம்பஸ் இருந்த இடம் சுருங்கி, பக்கத்து மூளையறை விரிந்து, நரம்பணு வரிசைக்குப் பதில் பொடிப்பொடியான கிளையா என்ற துணைச் செல்கள் மட்டும். மற்ற இரண்டில் ஒரு பக்கம் அந்த வளைவு வரிசை ஊதா நிறத்தில் அப்படியே, கையால் வரைந்தது போல. ஊசித் தடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே நின்றுவிட்டிருக்கிறது. அந்த இரண்டு அறுவையும் நான் செய்தவை.

நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். சீனியர் இரண்டையும் கணக்கிலிருந்து நீக்கச் சொல்கிறார். நீக்கலாமா?

நுண்ணோக்கி

ஸ்லைடைப் பார்த்து நீக்கலாம், நீச்சலைப் பார்த்து நீக்கக் கூடாது. எந்த எலி எப்படி நீந்தியது என்று தெரியாத ஒருவரிடம் எட்டு மூளையையும் எண் மட்டும் போட்டுக் கொடுத்து, எது நீக்க வேண்டியது என்று கேளுங்கள். அவரும் அதே இரண்டைச் சொன்னால் நீக்கிவிட்டு, நீக்கியதையும் ஏன் என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை பிரெக்மாவோடு, மண்டையோட்டின் பின்பக்கப் புள்ளியான லாம்டாவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசியை இறக்குங்கள் தம்பி.